பழனி வழியா, கரூர் வழியா?

திண்டுக்கல்லிலிருந்து பெங்களூருக்குக் காரில் போக ஒரு காலத்தில் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் இருந்தன. வாரணாசியில் தொடங்கிக் கன்னியாகுமரி வரை போன ஏழாம் எண் சாலை வேடசந்தூர், கரூர், நாமக்கல், சேலம், தருமபுரி, ஓசூர் வழியாகக் கொண்டுபோய்ச் சேர்த்தது. 209-ஆம் எண் சாலையோ திண்டுக்கல்லிலேயே பிறந்து, பழனி, பொள்ளாச்சி, கோவை, சத்தியமங்கலம், சாமராஜநகர், கொள்ளேகால் என்று சுற்றிப் பெங்களூரில் முடிந்தது. முன்னது ஏறத்தாழ 370 கிலோமீட்டர். பின்னது 456.

கணக்குப்படி பார்த்தால் இதில் யோசிக்க ஒன்றுமில்லை. ஆனாலும் யோசித்தார்கள். இரண்டுமே இருவழிச் சாலைகள். இரண்டுமே வழியிலுள்ள ஊர்களின் கடைத்தெருவுக்குள் புகுந்துதான் வெளியேறின. லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் அம்பாசிடரின் வேகம் லாரியின் வேகம்தான். எண்பது கிலோமீட்டர் கூடுதலாக இருந்தாலும் பழனியில் ஒரு தரிசனம், பண்ணாரியில் ஒரு கும்பிடு என்று குடும்பத்தோடு கிளம்பியவர்கள் 209-ஐத் தேர்ந்தார்கள். அவசரக்காரர்கள் கரூர் பக்கம் திரும்பினார்கள்.

தேர்வதற்கு முன் கேட்கவேண்டும். டி.டி.கே. வரைபடத்தை மடித்துக் கையில் வைத்திருந்தாலும் அதில் கோடு மட்டும்தான் உண்டு. நேற்று பெய்த மழையில் சாலை எப்படி இருக்கிறது என்பது டாக்ஸி ஸ்டாண்டிலும் லாரி புக்கிங் ஆபீசிலும்தான் தெரியும். "அண்ணே, தொப்பூர்ல வண்டி எதுவும் கவுந்து கிடக்கா?" என்று ஒருவர் கேட்பார். "காலையில வந்தேன், தெளிவாத்தான் இருந்துச்சு. ஆனா சேலம் டவுனுக்குள்ள விடிஞ்ச பிறகு போய் மாட்டிக்காதீங்க" என்று பதில் வரும். அந்தப் பதிலுக்கு அரை நாள் ஆயுள். மறுநாள் கிளம்புகிறவர் மறுபடி கேட்கவேண்டும்.

கேட்பதில் இன்னொன்றும் இருந்தது. 1991-ல் காவிரிக் கலவரத்தின்போது கர்நாடகத்தில் தமிழர்கள் தாக்கப்பட்டார்கள். எல்லைக்கு அப்பால் நிலைமை என்ன என்பதை அங்கிருந்து திரும்பிய டிரைவர்தான் சொல்லமுடிந்தது. 209-இலோ பயத்துக்கு ஓர் ஆள் பெயரே இருந்தது. திம்பம் மலைப்பாதையின் 27 கொண்டை ஊசி வளைவுகளைவிட அதற்கு மேலிருந்த காட்டைப் பற்றித்தான் பேச்சு. 2000 ஜூலை 30-ல் தாளவாடி அருகே காஜனூரில் நடிகர் ராஜ்குமாரை வீரப்பன் கடத்திச் சென்றபின், இரவில் அந்த வழியில் காரை விடத் துணிந்தவர்கள் குறைவு. மலையிலிருந்து இறங்குபவரைக் கண்டு சமவெளி கலங்குவது புதிதும் அல்ல. 1755-ல் திண்டுக்கல்லின் பௌஜ்தாராக வந்த ஹைதர் அலியின் மகன் திப்பு, 1790-ல் படையோடு மைசூர்ப் பக்கமிருந்து இறங்கிய கஜலஹட்டி கணவாய் இதே மலைத்தொடரில்தான் இருக்கிறது.

இன்று இந்தச் சாலைகளின் எண்களே வேறு. 2010-இல் தேசிய நெடுஞ்சாலைகளுக்குப் புது எண்கள் இட்டபோது ஏழு, ஸ்ரீநகரிலிருந்து வரும் 44-இன் பகுதியானது. 209 இரண்டாக அறுபட்டது: திண்டுக்கல்லிலிருந்து கோவை வரை 83, அங்கிருந்து பெங்களூர் வரை 948. திண்டுக்கல்லின் பெயரைத் தொடக்கமாகக் கொண்டிருந்த ஒரே எண் அதோடு போயிற்று.

அதைவிடப் பெரிய மாற்றம் தரையில் நடந்தது. வடக்கு–தெற்கு வழித்தடத்தின் பகுதியாகக் கரூர் சாலை நான்கு வழியானது. வேடசந்தூர் ஓரத்துக்குப் போயிற்று. கரூரும் நாமக்கல்லும் பைபாஸ் பலகைகளில் அம்புக்குறியாக மிஞ்சின. விடிகாலை கிளம்பினால் மதியச் சாப்பாட்டுக்குப் பெங்களூர். வேலன்செட்டியூர் சுங்கச்சாவடியில் தொடங்கி ஓசூர் வரை இடையிடையே பணம் கட்டவேண்டும். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமான பிறகு அதையும் கையால் கொடுப்பதில்லை. அன்று வழிக்குக் கொடுத்த விலை நேரம், இன்று காசு. இரவில் குழந்தைகளோடு ஒரு பெண் தனியே காரோட்டிப் போகமுடிகிறது. இதை மட்டும் வைத்துப் பார்த்தாலும் புதிய சாலையின் பக்கமே என் வாக்கு.

அகலப்படுத்தியபோது இருபுறமும் நின்ற புளியமரங்கள் போயின. சாலையோரம் மரம் வைத்தவள் என்று இந்தப் பக்கத்தில் இன்றும் பெயர் சொல்லப்படும் ராணி மங்கம்மாளின் பெயரில் திண்டுக்கல்லில் ஓர் அரசுப் போக்குவரத்துக் கழகம் இருந்தது. 1997-இல் அந்தப் பெயரும் எடுக்கப்பட்டது. இப்போது சாலை நடுவே அரளி பூக்கிறது. அதன் நிழலில் யாரும் வண்டியை நிறுத்தி இலைபோட்டுச் சாப்பிடமுடியாது.

செல்போன் வந்துதான் வழிகேட்கும் வழக்கம் ஒழிந்தது என்பார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. இரண்டு சாலைகளில் ஒன்று மட்டும் நான்கு வழியான அன்றே, பெங்களூருக்கு எப்படிப் போவது என்பது முடிவாகிவிட்டது. திரையில் தெரியும் நீலக்கோடு அதைப் படித்துக் காட்டுகிறது, அவ்வளவுதான். ஒப்பந்தம் போட்டவர்கள் தேர்ந்த வழியை நாம் தேர்ந்ததாக நினைத்துக்கொள்கிறோம். பழைய 209-இல் பொள்ளாச்சி வரைக்கும் இப்போது நான்கு வழி வந்திருக்கிறது. ஆனால் திம்பத்தில் வேறொரு கதவு விழுந்திருக்கிறது. சத்தியமங்கலம் காடு 2013-இல் புலிகள் காப்பகமானது; உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2022 பிப்ரவரி முதல் சரக்கு வண்டிகளுக்கு மாலை ஆறு மணிக்கும், கார்களுக்கு இரவு ஒன்பதுக்கும் மேல் விடியும்வரை அனுமதியில்லை. அன்று இருட்டியபின் அந்த மலையில் ஏறாதிருந்தது மனிதனுக்குப் பயந்து. இன்று விலங்குக்கு இடம்விட்டு. முன்னதைவிட இது மேலான காரணம்.

இன்னமும் வழியைத் தேர்கிறவர்களைப் பார்க்கவேண்டுமானால் மேற்கே கேரளத்துக்குப் போகிறவர்களிடம் பார்க்கலாம். ஒட்டன்சத்திரம் சந்தையில் காய் ஏற்றும் லாரி, திருச்சூருக்கு என்றால் பொள்ளாச்சி, பாலக்காடு. கோட்டயத்துக்கு என்றால் தேனி, கம்பம், குமுளி. மூணாறு பக்கம் என்றால் போடிமெட்டு. தென்மேற்குப் பருவமழையில் மண் சரிந்தால் இந்தக் கணக்கு ஒரே இரவில் மாறும். எதிரே வருகிற லாரிக்கு விளக்கைச் சிமிட்டி நிறுத்தி மேலே எப்படி என்று விசாரிப்பது இங்கே இன்னும் உண்டு. சபரிமலை சீசனில் கூட்டம் ஏறிவிட்டால், போன் குமுளியைக் காட்டிக்கொண்டிருக்க, கம்பத்தில் தடுப்பு வைத்து ஐயப்ப பக்தர்களின் வண்டிகளைக் கம்பம்மெட்டு மலைக்குத் திருப்பிவிடுகிறார்கள். குமுளி வழியாகத் திரும்பி வரலாம்.