தாடையிலிருந்து காதுக்கு

பாலூட்டி என்றால் குட்டிக்குப் பால் கொடுக்கும், உடம்பில் முடி இருக்கும் என்று பள்ளிப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். ஆனால் 20 கோடி ஆண்டு பழைய பாறையை உடைத்துப் பார்ப்பவருக்கு இந்த இரண்டு அடையாளங்களும் அநேகமாகப் பயன்படுவதில்லை. பால் கல்லாவதில்லை, முடி பதிந்து கிடைப்பது அபூர்வம். பெரும்பாலும் மிஞ்சுவது பல்லும் தாடைத் துண்டும்தான். ஆகவே தொல்லுயிரியலாளர்கள் நெடுங்காலமாகக் கீழ்த்தாடையையே கேட்டு வந்திருக்கிறார்கள்: நீ எத்தனை எலும்பால் ஆனாய், மண்டையோட்டில் எங்கே மூட்டிக்கொள்கிறாய்? பல்லிக்கும் முதலைக்கும் கீழ்த்தாடையின் ஒவ்வொரு பக்கத்திலும் பல எலும்புகள் உண்டு. பின்கோடியில் இருக்கும் ஆர்டிகுலார், மண்டையின் குவாட்ரேட் எலும்போடு மூட்டாகிறது. நடுச்செவியில் ஒரே எலும்பு. பாலூட்டிக்கோ, பற்களைத் தாங்கும் ஒற்றை எலும்பே ஒரு பக்கத்துக் கீழ்த்தாடை முழுவதும். நடுச்செவியில் சுத்தி, பட்டடை, அங்கவடி என்று மூன்று. தாடையில் குறைந்ததற்கும் காதில் கூடியதற்கும் தொடர்பு உண்டா? உண்டு என்பதற்குக் கருவிலும் சான்று இருக்கிறது, கல்லிலும் இருக்கிறது.

கருவின் சான்று முதலில் வந்தது. ஜெர்மானிய உடற்கூற்றியலாளர் கார்ல் ரைஷெர்ட் 1837-இல் பன்றிக் கருக்களை ஆராய்ந்து, பாலூட்டியின் சுத்தி எலும்பு ஊர்வனவற்றின் ஆர்டிகுலாருக்கும், பட்டடை எலும்பு குவாட்ரேட்டுக்கும் இணையானவை என்று காட்டினார். கருவில் கீழ்த்தாடையோடு ஓடும் மெக்கல் குருத்தெலும்பின் பின்முனையிலிருந்தே சுத்தி எலும்பு உருவாகிறது. பிறகுதான் தாடையோடு அதற்கிருந்த தொடர்பு அறுகிறது. மிக இளம் நிலையில் பிறக்கும் ஒபாசம் குட்டியிடம் இது இன்னும் வெளிப்படை. பிறக்கும்போது அதன் செவி எலும்புகள் தாடையோடு ஒட்டியே இருக்கின்றன. சில வாரங்கள் கழித்தே தனியாகின்றன. ஆயினும், கருவின் வளர்ச்சி வேறு, இனத்தின் வரலாறு வேறு என்று ஒருவர் மறுக்கலாம். தாடை மூட்டைக் கழற்றிக் காதுக்குக் கொடுத்துவிட்டால், இடைக்காலத்து விலங்கு எதைக்கொண்டு மென்றது என்றும் கேட்கலாம். இரண்டுமே நியாயமான கேள்விகள். பதிலைப் பாறைதான் சொல்ல வேண்டும்.

பாறை சொன்னது. வேல்ஸ் நாட்டுச் சுண்ணாம்புப் பாறை வெடிப்புகளில் கிடைத்து, 1949-இல் வால்டர் கூனே பெயரிட்ட மோர்கனுகோடான், சுமார் 20 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த மூஞ்சூறளவு பூச்சியுண்ணி. அதன் கீழ்த்தாடையில் பல் தாங்கும் எலும்பு பின்னோக்கி வளர்ந்து, மண்டையின் ஸ்குவாமோசல் எலும்பை எட்டிப் புதிய மூட்டு அமைத்திருக்கிறது. அதே தாடையைத் திருப்பி உட்புறம் பார்த்தால் பின்பகுதியில் நீளமான பள்ளம். அதில் ஆர்டிகுலார் முதலான சிற்றெலும்புகள் பொருந்தியிருந்தன. ஒரே விலங்கில் பழைய மூட்டும் புதிய மூட்டும்! தென்னாப்பிரிக்காவின் டையார்த்ரோநாதஸுக்கு இரட்டை மூட்டுத் தாடை என்றே பெயர். பழைய பாலத்தில் வண்டிகள் ஓடிக்கொண்டிருக்கும்போதே பக்கத்தில் புதுப்பாலம் கட்டியதுபோல, மெல்லும் வேலை ஒரு நாளும் நிற்கவில்லை. பாலூட்டிகளின் முன்னோரான சைனோடான்டுகளிலேயே மெல்லும் தசைகள் பல் தாங்கும் எலும்புக்கு மாறி வந்ததால், பின்னெலும்புகளின் சுமை குறைந்து அவை சிறுத்தன. அந்த எலும்புகள் தாடையில் இருந்தபடியே ஒலி அதிர்வையும் கடத்தின என்று எட்கர் ஆலின் 1975-இல் விளக்கினார். காதுக்குப் போகுமுன்பே அவை காதின் வேலையைத் தொடங்கிவிட்டன.

பிரியும் கட்டமும் கல்லில் கிடைத்தது. 2007-இல் சீனாவின் ஹெபெய் மாகாணத்திலிருந்து விவரிக்கப்பட்ட யானோகோனோடானில் செவி எலும்புகள் உருவத்தில் பாலூட்டிக்குரியவை. ஆனால் எலும்பாக இறுகிய மெக்கல் குருத்தெலும்பு அவற்றை இன்னும் தாடையோடு பிணைத்திருக்கிறது. கருவில் சிறிது காலமே நீடிக்கும் நிலை, இங்கே வளர்ந்த விலங்கில் நிலைத்து நிற்கிறது. 2011-இல் லியாவோனிங்கிலிருந்து வந்த லியாவோகோனோடானும் இதையே உறுதிப்படுத்தியது.

இங்கே கூர்மையான மறுப்பு ஒன்று எழும். யுன்னானில் கிடைத்த, 12 மில்லிமீட்டர் மண்டையோடு கொண்ட ஹாட்ரோகோடியத்தின் வயது சுமார் 19.5 கோடி ஆண்டு. அதன் தாடையில் உட்புறப் பள்ளம் இல்லை; ஆகவே செவி எலும்புகள் அப்போதே விலகிவிட்டன என்று 2001-இல் அதை விவரித்தவர்கள் கருதினர். அப்படியானால் 7 கோடி ஆண்டு பிந்திய யானோகோனோடானில் தொடர்பு எப்படி இருக்கும்? வரிசை குலைகிறதே? பரிணாமம் ஒற்றை ஏணி என்று நினைத்தால்தான் குலையும். இவை பாட்டனும் பேரனும் அல்ல. ஒரே குடும்பத்தின் வெவ்வேறு கிளைகள். ஆஸ்திரேலியாவின் பண்டைய முட்டையிடும் பாலூட்டியான டெய்னோலோபஸின் தாடையை ஆராய்ந்தவர்களும், அந்தக் கிளையில் செவி தனியாகவே விடுபட்டது என்று 2005-இல் முடிவுசெய்தனர். மூலப்பொருள் எல்லாக் கிளைகளுக்கும் ஒன்றுதான் என்பதால், ஒரே மாற்றம் ஒன்றுக்கு மேற்பட்ட முறை நடந்ததில் வியப்பில்லை. விடுபட்ட செவியை மட்டும் வைத்து உறவுமுறை வகுக்கக் கூடாது, பல்லும் மண்டையும் தோளெலும்பும் சேர்ந்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்பதுதான் இதிலிருந்து கிடைக்கும் பாடம்.

காதுக்குச் சற்று முன்னால் விரலை வைத்து வாயைத் திறந்து மூடிப் பாருங்கள். விரலுக்கடியில் அசைவது அந்தப் புதிய மூட்டு. பழைய மூட்டும் மறைந்துவிடவில்லை. சற்று உள்ளே, சுத்தி எலும்புக்கும் பட்டடை எலும்புக்கும் இடையே இன்றும் இருக்கிறது.