வீட்டுத் தோட்டத்தில் பாட்டில் பிரஷ் செடி

நம் அங்கத்தினர்களின் வீட்டு முற்றங்களில் முருங்கையும் கறிவேப்பிலையும் வாழையும் இருப்பது வழக்கம். அவற்றோடு கண்ணுக்கு இனிய பூஞ்செடி ஒன்றும் வேண்டுமென விரும்புவோர், நாற்றுப் பண்ணைகளில் செந்நிறப் பூவுடன் விற்கப்படும் பாட்டில் பிரஷ் செடியை வாங்கி வருகின்றனர். இதனைப் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் மண்ணில் நடுவதற்கு முன் அறிய வேண்டுவனவற்றை இங்குக் கூறுவோம்.

இச்செடியின் தாயகம் ஆஸ்திரேலியா. கொய்யா, நாவல், கிராம்பு ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்தது. பூவில் நாம் காணும் சிவப்பு, இதழின் நிறமன்று. நெருங்கி நிற்கும் மகரந்தத் தாள்களின் நிறமே. ஆதலால் தாவர நூலார் இதற்குக் காலிஸ்டெமான் என்று பெயரிட்டனர். அழகிய மகரந்தத் தாள் என்பது இதன் பொருள். தாளைக் குறிக்கும் ஸ்டீமோன் என்ற கிரேக்கச் சொல்லுக்கு ஆதிப்பொருள் தறியின் பாவு நூல் என்பதாம். நெசவாளர் வீட்டு முற்றத்திற்கு இதைவிடப் பொருத்தமான பெயருடைய செடி வேறு உண்டோ?

ஆயினும் பெயரும் பூவும் மட்டும் போதா. சங்கமொன்றின் முகப்பில் நடப்பட்டிருந்த செடியின் கதியை நாம் கண்டோம். இளந்தளிர்கள் வெளுத்து மஞ்சளாயின. நரம்புகள் மட்டும் பச்சையாய் நின்றன. உரம் போதவில்லை எனக் கருதி யூரியா இட்டனர். பிறகு அடுப்புச் சாம்பலும் இட்டனர். அது சரியென்றே நாமும் அன்று எண்ணினோம். அடுத்த கோடைக்குள் செடி பட்டுப்போயிற்று.

காரணம் பசியன்று, மண்ணின் சுண்ணாம்பே. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் அரியலூர்ப் பகுதி கடலடியில் இருந்தது. அக்கடல் விட்டுச் சென்ற சுண்ணாம்புக் கல்லை நம்பியே 1979ஆம் ஆண்டில் அரியலூரில் அரசு சிமெண்டு ஆலை தொடங்கப்பட்டது. சுண்ணாம்பு மிகுந்த மண்ணில் இரும்புச் சத்து இருந்தும் வேரால் அதனை எடுக்க இயலாது. நிலக்கடலை மஞ்சளித்து நிற்பதைக் கண்ட விவசாயிகளுக்கு இது புதிதன்று. சாம்பலும் காரத்தன்மை உடையதாகையால் தீங்கை மிகுவிக்கும்.

எனவே நடுமுன் மண்ணைச் சோதித்தல் அவசியம். உலர்ந்த மண்ணில் எலுமிச்சைச் சாறு சில துளிகள் விடுக. நுரைத்தால் சுண்ணாம்பு உண்டென அறிக. சுக்கான்கல் கலந்த கரிசலிலும் இதே நிலைதான். செயங்கொண்டம் பக்கத்தில் முந்திரி செழிக்கும் செம்மண் இச்செடிக்கு ஏற்றது. ஐயமிருப்பின் வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் உள்ள வேளாண் அறிவியல் நிலையங்களை அணுகலாம். சுண்ணாம்பு மண்ணுடையோர் செம்மண்ணும் மட்கிய எருவும் நிரப்பிய பெரிய தொட்டியில் வளர்ப்பது நலம். முன்னரே நட்ட செடி மஞ்சளித்திருப்பின், 1 லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியும் 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, மாலை வேளையில் இலைகளில் தெளிக்கலாம்.

வெயில் நன்கு படும் இடத்தில், 2 அடி ஆழக் குழியெடுத்துப் புரட்டாசியில் நடுக. கரிசலில் நீர் தேங்காதவாறு மேடு கட்டுதல் வேண்டும். முதல் இரண்டு கோடைகளில் நீர் விட்டால், பின்னர் வறட்சியை ஓரளவு தாங்கும். பூத்து முடிந்தவுடன் வாடிய பூவுக்குச் சற்றுக் கீழே கத்தரித்தால் கிளைகள் பெருகி, அடுத்த பருவத்தில் பூவும் பெருகும். காலந்தாழ்த்திக் கத்தரிப்பின் வரவேண்டிய பூவையே வெட்டியதாகும். தேனீயும் தேன்சிட்டும் பூக்களை நாடி வரும்.

ஒருவர் வீட்டில் செழித்த செடியிலிருந்து, அதிகம் முற்றாத கிளைகளைப் போத்துகளாக வெட்டி அண்டை வீட்டாரும் நடலாம். செடியைக் கொடுப்பவர், தம் மண் எத்தகையது என்பதையும் கூடவே சொல்லிக் கொடுக்க வேண்டும். ஒருவர் பட்ட நட்டம் மற்றவருக்குப் பாடமாவதே கூட்டுறவின் பயன் அன்றோ?