இடியாப்பத்திற்குப் பதில் புடலங்காய்

கல்லணைக் கால்வாய்ப் பாசனத்தில் நெல் விளையும் பகுதி ஒரத்தநாடு. இங்கே காலையில் இட்லி, பகலில் சோறு, இரவில் இடியாப்பம் அல்லது தோசை. பெயர்கள் வேறானாலும் மூன்று வேளைக்கும் முதற்பொருள் அரிசியே. நாள் முழுதும் வயலில் குனிந்து நிமிர்ந்த உடலுக்கு இவ்வுணவு ஏற்றதாக இருந்தது. இன்று நடவுக்கும் அறுவடைக்கும் இயந்திரங்கள் வந்துவிட்டன. பலருக்கு உழைப்பு குறைந்தது. தட்டிலுள்ள அரிசி மட்டும் குறையவில்லை.

இதனால் என்ன கேடு? அரிசியிலுள்ள மாவுப்பொருள் குடலில் குளுக்கோஸாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அதைத் திசுக்களுக்குள் செலுத்த உதவுவது கணையம் சுரக்கும் இன்சுலின். அது போதாவிட்டாலோ, சரிவர வேலை செய்யாவிட்டாலோ இரத்தத்தில் சர்க்கரை மிகும். இதுவே நீரிழிவு. இந்தியாவில் 10 கோடிப் பேருக்கு மேல் இந்நோய் உள்ளதென 2023-இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு மதிப்பிட்டது.

மாவுப்பொருளைக் குறைக்க விரும்பும் மேல்நாட்டார், கோதுமையில் செய்யும் பாஸ்தாவுக்குப் பதிலாகச் சுக்கினிக் காயை நூல்போல் சீவி உண்கின்றனர். சுக்கினி பூசணிக் குடும்பத்தைச் சேர்ந்தது. நம் சந்தையில் கிடைக்கும் புடலை, சுரை, சௌசௌ ஆகியவையும் அதே குடும்பந்தான். பாஸ்தாவின் இடத்தில் நமக்கு இடியாப்பமும் சேவையும் இருக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக இக்காய்களைச் சீவிக்கொள்ளலாமே!

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் சோற்றில் மாவுப்பொருள் சுமார் 28 கிராம். அதே எடையுள்ள புடலங்காயில் 3 அல்லது 4 கிராமே. எஞ்சியதில் பெரும்பகுதி தண்ணீர். உருளைக்கிழங்கும் வாழைக்காயும் இதற்கு உதவா. அவையும் மாவுப்பொருள் மிகுந்தவை.

காய் இழைகளை இடியாப்பம்போல் ஆவியில் வேகவைத்தால் குழைந்து நீர் விடும். ஏன்? அரிசிமாவு வேகும்போது நீரை உறிஞ்சிப் பசையாகி இழையை இறுகப் பிடிக்கிறது. காயிலோ சூட்டினால் செல்சுவர்கள் தளர்ந்து, உள்ளே இருக்கும் நீர் வெளியேறுகிறது. எனவே புடலங்காயின் விதையையும் சோற்றையும் நீக்கி, நீளவாக்கில் மெல்லியதாகச் சீவி, சிறிது உப்புத் தூவிப் பத்து நிமிடம் வையுங்கள். உப்பு மிகுந்த பக்கம் நோக்கிச் செல்களின் நீர் கசியும். அலசிப் பிழிந்து, சூடான வாணலியில் இரண்டு மூன்று நிமிடம் புரட்டினால் போதும்.

ஆனால் காய் மட்டும் உணவாகாது. 300 கிராம் சோறு சுமார் 390 கலோரி தரும். அதே எடையுள்ள புடலங்காய் 60 கலோரிகூடத் தராது. ஒரு மணி நேரத்தில் மீண்டும் பசிக்கும். ஆகவே பருப்பு, முட்டை, மீன், சுண்டல் ஆகியவற்றுள் ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் பாதி இடியாப்பம், பாதி காய் என்று கலந்து உண்ணலாம்.

ஓர் எச்சரிக்கை. இன்சுலினோ சர்க்கரையைக் குறைக்கும் மாத்திரையோ எடுப்பவர்கள் திடீரென்று சோற்றைக் குறைக்கலாகாது. மருந்தின் அளவு மாறாமல் உணவு மட்டும் குறைந்தால் இரத்தச் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் உண்டாகலாம். சிறுநீரக நோயாளிகளுக்குக் காய்களிலும் பருப்பிலும் அளவுண்டு. இவர்கள் முதலில் மருத்துவரைக் கேட்க வேண்டும்.

அரிசி நஞ்சன்று. இன்றும் சேற்றில் இறங்கி வேலை செய்பவருக்கு அது வேண்டும். உட்கார்ந்தே பொழுதைக் கழிப்பவர்தாம் தம் தட்டை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும்.