குளிர்கால வண்ணந்தீட்டலும் சொல்விளையாட்டும்

குளிர்கால வண்ணந்தீட்டலும் சொல்விளையாட்டும் என்பது ஐக்கிய அமெரிக்கா, கனடா ஆகிய நாடுகளின் தொடக்கப் பள்ளிகளில் டிசம்பர் முதல் பெப்ரவரி வரை பரவலாகக் கையாளப்படும் கற்பித்தல் செயற்பாடு ஆகும். பனிமனிதன், பனிச்சீவல், கையுறை முதலியவற்றின் கோட்டுப்படங்களுக்கு மாணவர் வண்ணம் தீட்டுவர். அவற்றுடன் விடுகதை, சிலேடை, ஒலியொத்த சொற்கள் முதலியன இணைக்கப்படும். வண்ணந்தீட்டல் தனித்து நிற்பின் வெறும் பொழுதுபோக்காக முடிந்துவிடலாம். சொல்லைப் படித்தாலன்றிப் படம் நிறைவுறாது என்னும் நிலையில் அது மொழிப்பாடமாகின்றது.

வண்ணக்கோல்கள்

கிரேயான் எனப்படும் மெழுகு வண்ணக்கோல்களே இதன் முதன்மைக் கருவி. 1903 இல் பின்னி அன் சிமித் நிறுவனம் எட்டு நிறங்கள் கொண்ட 'கிரயோலா' பெட்டியை வெளியிட்டது. இப்பெயரும் ஒரு சொல்லாக்கமே. சுண்ணக்கட்டியைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லையும், எண்ணெய்த்தன்மையைக் குறிக்கும் சொல்லின் ஒரு பகுதியையும் இணைத்து ஆலிசு பின்னி என்பவர் இதனை உருவாக்கினார்.

குறிப்பு வழி வண்ணந்தீட்டல்

இம்முறையில் படம் பல கட்டங்களாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு சொல் எழுதப்பட்டிருக்கும். எச்சொல்லுக்கு எந்நிறம் என்பது தாளின் ஓரத்தில் தரப்படும். பிழையாகப் படித்தால் பிழையான நிறம் விழும். ஆசிரியர் வகுப்பைச் சுற்றி வரும்போதே அதனைக் கண்டறியலாம். மாணவரும் தாமே திருத்திக்கொள்ளலாம். அமெரிக்கக் கல்வியாளர் எட்வர்டு டால்ச்சு 1936 இல் வெளியிட்ட 220 சொற்கள் கொண்ட பட்டியல் இதற்குப் பெரிதும் பயன்படுகின்றது.

சொல்லின் தோற்றத்தை மட்டும் ஒப்பிட்டு, படிக்காமலேயே வண்ணம் தீட்ட இயலும் என்பது இதன் குறை. 'ஸ்னோ' என்னும் சொல்லுடன் இயையும் சொற்களுக்கு மட்டும் நீலம் தீட்டுமாறு பணித்தால் இக்குறை நீங்கும். 'இப்பொழுது' எனப் பொருள்படும் 'நவ்' ஆங்கில எழுத்தில் அதனை ஒத்திருப்பினும் ஒலியில் இயையாது. 'போ' எனப் பொருள்படும் 'கோ' தோற்றத்தில் வேறுபட்டாலும் ஒலியில் இயையும். எனவே மாணவர் சொல்லை ஒலித்துப் பார்த்தே ஆகவேண்டும்.

சொல்விளையாட்டு

ஆங்கிலத்தில் 'புளூ' என்னும் ஒலி நீல நிறத்தையும், காற்று வீசியதையும் குறிக்கும். 'ரெட்' என்னும் ஒலி சிவப்பையும், படித்ததையும் குறிக்கும். எழுத்துகள் மட்டும் வேறுபடும். காற்று வீசிய படத்துக்கு நீலம் தீட்டும் மாணவர் இரு எழுத்துக்கூட்டல்களையும் ஒருங்கே கற்கின்றார்.

பனி பற்றிய சிலேடை மிகப் பழையது. வானியலாளர் யோகான்னசு கெப்ளர் 1611 இல் தம் புரவலருக்குப் புத்தாண்டுப் பரிசாக, பனிச்சீவலின் ஆறுமூலை வடிவம் பற்றிய சிறுநூலை அளித்தார். இலத்தீனில் 'நிக்சு' என்பது பனி; அதே ஒலி செருமானியப் பேச்சில் 'ஒன்றுமில்லை' எனப் பொருள்படும். ஆதலால் 'ஒன்றுமில்லாத' பரிசு என அவர் விளையாடினார்.

பனிச்சீவலின் வடிவம்

பனிக்கட்டியில் நீர் மூலக்கூறுகள் அறுகோண ஒழுங்கில் அமைவதால் பனிச்சீவல் பொதுவாக ஆறு கிளைகள் உடையது. வெர்மான்ட் மாநிலத்தைச் சேர்ந்த உழவர் வில்சன் பென்ட்லி 1885 இல் பனிப்படிகமொன்றை முதன்முதலில் ஒளிப்படம் எடுத்தார். பின்னர் 5000 க்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். எட்டுக் கிளைகளுடன் அச்சிடப்படும் வண்ணத்தாள்கள் பிழையானவை. தாளை மும்முறை பாதியாக மடித்து வெட்டினால் எட்டுக் கிளைகளே கிடைக்கும். ஒருமுறை பாதியாகவும் பின்னர் மூன்றாகவும் மடித்தால் ஆறு கிடைக்கும்.

வெள்ளைத் தாளில் வெள்ளை வண்ணக்கோலால் பனிச்சீவல் வரைந்து, அதன்மேல் நீல நீர்வண்ணம் பூசுவதும் உண்டு. மெழுகு நீரை ஏற்காததால் மறைந்திருந்த படம் வெளிப்படும். விடுகதையின் விடையை இவ்வாறு மறைத்து எழுதலாம்.

திறனாய்வுகள்

ஆயத்தக் கோட்டுப்படங்கள் குழந்தையின் சொந்த வெளிப்பாட்டைக் குறைக்கும் என விக்டர் லோவன்ஃபெல்டு 1947 இல் வெளியான தம் நூலில் வாதிட்டார். எனவே படத்தின் ஒரு பகுதியை மாணவரே வரைய இடம்விடுதல் நன்று. ஐரோப்பிய வழியினரில் ஏறத்தாழ 12 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு நிறக்குருடு உண்டு. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத மாணவரின் பிழை படிப்புப் பிழையாகக் கருதப்படலாம். வண்ணக்கோல்களில் நிறத்தின் பெயர் எழுதப்பட்டிருப்பது இதனைத் தவிர்க்க உதவும்.

தமிழ் வகுப்புகளில்

கனடா போன்ற நாடுகளில் நடைபெறும் தமிழ் வகுப்புகளுக்கும் இம்முறை பொருந்தும். தமிழகத்தில் 'பனி' பெரும்பாலும் வைகறையில் புல்மேல் படியும் துளி. கனடாவில் அச்சொல்லே வானிலிருந்து விழும் வெண்பனியையும் குறிக்கின்றது. 'கண் பனித்தது' என வினையாகவும் வரும். 'பணி' என்பதோ வேலை. 'வணங்கு' என ஏவலாகவும் வரும். றன்னகரச் சொற்களுக்கு ஒரு நிறமும் டண்ணகரச் சொற்களுக்கு மற்றொரு நிறமும் தீட்டச் செய்தால், குளிர்நாட்டில் வளரும் குழந்தைகள் எளிதில் தவறவிடும் ஒலி வேறுபாடு கண்ணுக்கும் புலனாகும்.