பாராகிளைடிங் போட்டி: ஆபத்துக்குப் புள்ளி கொடுக்கலாமா?

பாராகிளைடிங், ஹேங் கிளைடிங் போட்டிகளில் ஓர் உயிர் போனால், "அவருக்கு அனுபவம் போதவில்லையோ?" என்றுதான் முதலில் கேட்கிறோம். பெரிய போட்டிகளுக்கு வருகிறவர்களிடம் அனுபவத்துக்குப் பஞ்சமில்லை. இன்னும் ஐந்து நிமிடம் மேலே இருந்தால் புள்ளி கூடும் என்ற நிலைமைதான் அவர்களை இறங்கவிடாமல் பிடித்து வைக்கிறது. அதனால் பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது நாம் முதலில் திறந்து பார்க்க வேண்டியது புள்ளிக் கணக்கை என்கிறேன். ஹெல்மெட்டும் ரிசர்வ் பாராசூட்டும் கட்டாயம்தான், ஆனால் அவை அதற்கு அடுத்து வருகிறவை.

2007 பிப்ரவரி 14. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் மனில்லா என்ற ஊர். உலகச் சாம்பியன்ஷிப் தொடங்கச் சில நாட்களே இருந்தன, பல நாட்டு பைலட்டுகள் பயிற்சிக்காகப் பறந்துகொண்டிருந்தார்கள். ஜெர்மன் அணியின் முன்னணி வீராங்கனை ஏவா விஸ்னியெர்ஸ்காவை ஓர் இடிமேகம் உள்ளே இழுத்துக்கொண்டது. அவருடைய ஜிபிஎஸ் கருவியில் பதிவான உச்சம் 9,946 மீட்டர். எவரெஸ்ட் சிகரத்தைவிட ஆயிரம் மீட்டருக்கும் மேல். ஆக்சிஜன் குறைந்து மயங்கினார், உடலில் பனி உறைந்தது, அவர் நினைவிழந்திருந்தபோதும் இறக்கை தானாகப் பறந்துகொண்டிருந்தது. அவர் உயிர் தப்பினார். அதே புயலில் சிக்கிய சீன பைலட் ஹி ஜோங்பின் தப்பவில்லை.

இதில் திறமைக்கு எவ்வளவு வேலை இருக்கிறது என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். பாராகிளைடரின் இரு ஓரங்களையும் மடித்து இறங்கும் 'பிக் இயர்ஸ்' முறையில் வினாடிக்கு மூன்று, நான்கு மீட்டர் இறங்கலாம். 'பி-லைன் ஸ்டால்' என்ற முறையில் ஆறிலிருந்து எட்டு. செங்குத்தான சுழல் இறக்கத்தில் பத்து, பதினைந்து மீட்டர், ஆனால் அதில் கண் இருண்டு மயக்கம் வரும் அளவுக்கு உடல் அழுத்தப்படும். வளர்ந்த இடிமேகத்தின் ஏற்றக்காற்றோ வினாடிக்கு இருபது மீட்டரைத் தாண்டும். உள்ளே போனபின் எந்த உத்தியும் கைகொடுக்காது. விலகும் முடிவை மேகம் வளரும்போதே எடுத்திருக்க வேண்டும். சிக்கலே அங்கேதான் இருக்கிறது: அன்றைய நாளின் மிக நல்ல ஏற்றமும் அதே மேகத்தின் அடியில்தான் கிடைக்கும். ஏற்ற வேகத்தைச் சொல்லும் வேரியோ கருவி மகிழ்ச்சியாகக் கூவுகிறது, உயரம் கூடுகிறது, பக்கத்துப் போட்டியாளர் அதற்குள் முந்திவிட்டார். கொல்லப்போகிற மேகம் முதலில் பரிசு கொடுக்கிறது.

போட்டி விதிகள் இதை எப்படிக் கையாள்கின்றன? வானிலை மோசமானால் போட்டி இயக்குநர் அன்றைய பந்தயத்தை, அதாவது டாஸ்க்கை, நிறுத்துவார். மூன்று மணிக்கு நிறுத்தி, மூன்று மணிக்கு யார் எங்கே இருந்தார்கள் என்று கணக்கிட்டால் என்ன ஆகும்? ஆபத்தைப் பார்த்து 2:56-க்கு விலகியவர் தோற்பார், கருமேகத்தின் அடியில் நுழைந்து முன்னேறியவர் ஜெயிப்பார். இதைத் தடுக்கத்தான் கடிகாரத்தைப் பின்னுக்குத் தள்ளும் விதி வந்தது. பாராகிளைடிங்கில் பொதுவாக, நிறுத்த அறிவிப்புக்கு ஐந்து நிமிடம் முந்தைய நிலைதான் கணக்கில் வரும். அதோடு, உயரத்தில் இருப்பவருக்கு அந்த உயரமும் தூரமாக மாற்றித் தரப்படுகிறது: இலக்கின் மட்டத்துக்கு மேல் ஒவ்வொரு மீட்டருக்கும் பாராகிளைடரில் 4 மீட்டர், ஹேங் கிளைடரில் 5 மீட்டர். உயரத்தைச் சேமித்துப் பொறுமையாகப் பறந்தவர், தாழ்வாக விரைந்தவரிடம் தோற்க வேண்டியதில்லை. எனக்குத் தெரிந்து இந்த விளையாட்டின் மிக அறிவான பாதுகாப்புச் சாதனம் இந்தச் சின்னக் கணக்குதான்.

இறக்கைகளின் கதையும் இதே பாடம்தான். 2011-இல் ஸ்பெயினின் பியத்ராஹீத்தாவில் நடந்த உலகச் சாம்பியன்ஷிப்பில் இரண்டு பைலட்டுகள் இறந்தார்கள், போட்டியே ரத்தானது. அப்போது சான்று பெறாத பந்தய இறக்கைகளில் பறக்க அனுமதி இருந்தது. வேகத்துக்குப் புள்ளி இருக்கும்வரை, பக்கத்து ஆள் வேகமான இறக்கையை எடுத்தால் நீங்களும் எடுத்தாக வேண்டும். உலக வான்விளையாட்டுச் சம்மேளனத்தில் பாராகிளைடிங், ஹேங் கிளைடிங்கைக் கவனிக்கும் சிவில் (CIVL) ஆணையம் அவ்வகை இறக்கைகளை நிறுத்திவைத்தது. பின்னர் சோதனைக்கு உட்பட்ட சிசிசி என்ற போட்டிப் பிரிவு வந்தது. சான்று பெற்ற இறக்கையும் காற்றில் மடியும், அது உண்மை. முழு வேகத்தில், தரைக்கு அருகில் மடிந்தால் எந்தச் சான்றிதழும் காப்பாற்றாது. ஆனால் யார் அதிக ஆபத்தைக் கையில் எடுப்பது என்ற போட்டிக்கு ஓர் எல்லை விழுந்தது.

"எல்லாரும் வயதுவந்தவர்கள், ஆபத்தென்றால் அவரவர் இறங்கிக்கொள்ளட்டுமே" என்று சிலர் கேட்பார்கள். கேட்பதற்கு நியாயமாக இருக்கிறது. ஆனால் நூறு பேர் ஒரே வானத்தில் இருக்கும்போது, ஒவ்வொருவரும் மற்ற தொண்ணூற்றொன்பது பேரைப் பார்த்துத்தான், "இன்னும் பரவாயில்லை போல" என்று நினைக்கிறார்கள். யாரிடமும் கூடுதல் தகவல் இல்லை, இருந்தும் எல்லாருக்கும் தைரியம் வந்துவிடுகிறது. அதனால்தான் ரேடியோவில் லெவல் 1, 2, 3 என்று சொல்லும் வழக்கம் உருவானது. ஒன்று என்றால் நிலைமை நன்று, இரண்டு என்றால் கடுமையாகிறது, மூன்று என்றால் பறக்கத் தகாதது. மனதுக்குள் இருந்த சந்தேகம் அப்போது எல்லார் காதிலும் விழுகிறது.

இதைவிட வலுவான மறுப்பு ஒன்று உண்டு: விதிகள் கூடக்கூட பைலட் சோம்பிவிடுவார், "நிறுத்தச் சொல்லவில்லையே, அப்படியானால் பாதுகாப்புதான்" என்று நம்பிவிடுவார். இதை நான் மறுக்கவில்லை. இயக்குநர் தரையில், சில நேரம் ஐம்பது கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கலாம். உங்கள் தலைக்கு மேல் வளரும் மேகம் அவர் கண்ணில் படாது. முடிவெடுக்கும் பொறுப்பு கடைசிவரை பைலட்டிடம்தான். விதி செய்ய வேண்டியது, அந்த முடிவை எடுத்தவருக்கு அபராதம் விழாமல் பார்த்துக்கொள்வது. காயம்பட்ட ஒருவருக்கு உதவ இறங்கிய பைலட் அதனால் பாதிக்கப்படக்கூடாது என்று விதியில் எழுதியிருப்பதும் இதனால்தான். மனிதாபிமானம் எல்லாரிடமும் உண்டு. முதலிடத்தில் இருப்பவர் அதைத் தயங்காமல் காட்ட வழி வேண்டும்.

ஹேங் கிளைடரில் ஆபத்து தரையிலேயே தொடங்கிவிடும். உடலைத் தாங்கும் ஹார்னஸைக் கிளைடரோடு மாட்ட மறந்து ஓடிக் குதித்தவர்கள் உண்டு, அதில் நீண்ட அனுபவம் உள்ளவர்களும் அடக்கம். புறப்படும் நேரம் முடியப்போகிறது, பின்னால் வரிசை நிற்கிறது, ஏதோ ஒன்றைச் சரிசெய்யக் கழற்றியவர் திரும்ப மாட்டாமல் ஓடிவிடுகிறார். புறப்படும் முன் தொங்கிப் பார்க்கும் சோதனையை அவசரத்தில் விட்டால் நடப்பது இதுதான். வரிசையில் தாமதமானவருக்கு நேர இழப்பு ஏற்படாதபடி புறப்பாட்டை அமைப்பது ஏற்பாட்டாளர் கையில் இருக்கிறது.

நீங்கள் போட்டிக்குப் போகிறவராக இருந்தால், பதிவு செய்யும் முன் உள்ளூர் விதிகளை வாங்கிப் படியுங்கள். டாஸ்க் நிறுத்தப்பட்டால் எத்தனை நிமிடம் பின்னோக்கிக் கணக்கிடுவார்கள், பாதுகாப்புக் குழுவில் பைலட்டுகள் யார் யார், ரேடியோ அலைவரிசை எது என்று முதல் நாள் கூட்டத்திலேயே கேளுங்கள். தரையிறங்கியதும் உடனே தகவல் சொல்லுங்கள். ஏதோ ஒரு வயலில் பத்திரமாக இறங்கிவிட்டுச் சொல்லாமல் விட்டால், உங்களைத் தேடி வண்டி புறப்படும். அந்த நேரத்தில் வேறொரு மலைச்சரிவில் உண்மையிலேயே அடிபட்டுக் கிடப்பவருக்கு அந்த வண்டி தேவைப்படலாம்.