புற்றுக்கட்டியின் குழல் சீராக்கம்

புற்றுக்கட்டிக்குள் ஒழுங்கின்றி வளர்ந்த குருதிக்குழல்களை இயல்புநிலைக்கு மீட்டு, அவற்றின் வழியே வேதிமருந்து கட்டியின் உட்பகுதி வரை சென்றடையச் செய்யும் மருத்துவ நெறியே குழல் சீராக்கம் எனப்படும். மருந்தின் ஆற்றல் அதன் வேதிக் கட்டமைப்பால் மட்டும் அமைவதன்று. உரிய இடத்தை உரிய அளவில் அடைவதாலேயே அது நிறைவுறும்.

உடலின் நுண்குழல் மூன்று கூறுகளால் ஆனது: நெருங்கி இணைந்த உள்வரி உயிரணுக்கள், அவற்றைத் தாங்கும் அடிச்சவ்வு, வெளியே தழுவி நிற்கும் குழல்சூழ் உயிரணுக்கள். கட்டியிலோ, உயிர்வளி குன்றிய புற்றணுக்கள் 'குழல் வளர்தூண்டி' என்னும் புரதத்தை அளவின்றிச் சுரப்பதால், இம்மூன்றும் பிறழ்கின்றன. அதனால் விளையும் குறைகளும் மூவகைப்படும். சுவர் கசிவதால் இழையத்தின் இடைநீர் அழுத்தம் உயர்ந்து, குழலின் உள்ளழுத்தத்தை நெருங்குகிறது. மருந்தை வெளியே உந்தும் அழுத்த வேறுபாடு மறைகிறது. குழல் வளைந்தும் முறுகியும் கிடப்பதால் குருதியோட்டம் சில இடங்களில் தேங்கிச் சில இடங்களை எட்டாதே போகிறது. உயிர்வளி மேலும் குன்றுவதால் புற்றணுக்கள் கதிர்மருத்துவத்தையும் தாங்கி நிற்கின்றன.

குழல் வளர்ச்சியைத் தடுத்தால் கட்டியின் வளர்ச்சியையும் தடுக்கலாம் என்று அமெரிக்க அறிஞர் சூடா போக்மன் 1971இல் எடுத்துரைத்தார். அத்தடுப்பையே அளவோடு கையாண்டால், முதிராக் குழல்கள் நீங்கி, எஞ்சியவை உறுதிபெற்று, மருந்துக்கு வழிவிடும் என்று பாசுடன் அறிஞர் இராகேசு செயின் 2001இல் நிறுவ முனைந்தார். தூண்டியைப் பிணிக்கும் பெவசிசுமாபு என்னும் பிறபொருளெதிரியை மலக்குடற்புற்று நோயாளர்க்கு ஒருமுறை செலுத்தியபின், இடைநீர் அழுத்தம் தணிந்ததையும் குழல்சூழ் உயிரணுக்களின் தழுவல் மிகுந்ததையும் 2004இல் அவர் குழுவினர் கண்டனர். அதே ஆண்டு வெளிவந்த பெருங்குடற்புற்று ஆய்வில், வேதிமருந்தோடு இவ்வெதிரியையும் பெற்றோரின் இடைநிலை வாழ்நாள் 15.6 திங்களிலிருந்து 20.3 திங்களாக உயர்ந்தது. தனியே அளிக்கையில் சிறு பயனே தரும் எதிரி, துணையாகும்போது இத்துணை வலிமை பெறுவதைச் சீராக்க நெறி விளக்குகிறது.

எனினும் இந்நெறி மூன்று வரம்புகளுக்கு உட்பட்டது. முதலாவது அளவு: தடுப்பு மிகுந்தால் குழல்களே அழிந்து மருந்தின் வழி அடைபடும். இரண்டாவது பொழுது: சீர்மை சின்னாள் நிலைத்துப் பின் நீங்குவதால், மருந்து அவ்விடைவெளிக்குள் செலுத்தப்பட வேண்டும். மூன்றாவது பருமன்: சீரான சுவரின் துளைகள் சிறுத்துவிடுவதால் சிறு துகள்கள் எளிதில் புகும், பெருந்துகள்கள் புகா. இம்மூன்றையும் ஒவ்வொரு நோயாளர்க்கும் தனித்தனியே அளந்தறிந்து, தடுப்பையும் மருந்தையும் ஒரு முறைமையில் இணைப்பதே இனி மருத்துவம் ஆற்றவேண்டிய பணி. அழிக்கும் மருந்தும் ஒழுங்கின் வழியே சென்றால்தான் இலக்கை எய்தும்.