யாரோ தரும் கணினி அனுமதி

இம்மாதம் என் வீட்டில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன்.

மகளின் படிப்புக்காகப் பாவித்த கணினி ஒன்றை வாங்கினோம். தெரிந்த தம்பி ஒருவர் மைக்ரோசொப்ட் ஒபிஸ் போட்டு, ஏதோ கட்டளைகள் அடித்து, "காசு கட்டத் தேவையில்லை அண்ணை" என்றார். ஆறு மாதத்தில் 'அனுமதி இல்லை' என்ற அறிவிப்பு வந்தது. தொலைபேசியில் கேட்டேன். "ஒரு சின்னப் புரோகிராம் அனுப்பிறன், அன்ரிவைரஸை நிறுத்திப்போட்டுப் போடுங்கோ" என்றார்.

அங்கேதான் என் கை நின்றது. எங்கள் அகதி விண்ணப்பக் கடிதங்கள், ஊர்க் காணி உறுதி, இறந்துபோன அம்மாவின் படங்கள் எல்லாம் அந்தக் கணினியில்தான் இருந்தன.

விசாரித்ததில் விளங்கியது இதுதான். பெரிய நிறுவனங்களுக்கென மைக்ரோசொப்ட் வைத்திருக்கும் முறை கேஎம்எஸ். அங்குள்ள கணினிகள் நிறுவனத்தின் சொந்த வழங்கியிடம் அனுமதி பெறும். அது 180 நாட்களுக்கே செல்லும்; கணினி 7 நாளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப் பார்க்கும். தம்பியோ எங்கள் கணினியை இணையத்தில் யாரோ நடத்தும் வழங்கிக்கு அனுப்பியிருந்தார். எங்கள் கணினியின் பெயரும் இணைய முகவரியும் அங்கே போய்க்கொண்டிருந்தன. அந்த வழங்கி மறைந்ததும் அனுமதியும் போனது. சட்டப்படி அது அனுமதியே அல்ல.

அந்த வழங்கி தானாக எங்கள் கோப்புகளைப் படிக்காது. ஆனால் அதற்காக நாங்கள் போடும் புரோகிராமுக்குக் கணினியின் முழு அதிகாரத்தையும் கொடுக்கிறோம். 'கேஎம்எஸ்பிகோ' என்ற பெயரில் வந்த ஒன்று, உலாவியில் சேமித்த கடவுச்சொற்களைத் திருடும் 'கிரிப்ட்பொட்' என்பதையும் சேர்த்து நிறுவியதை, ரெட் கனரி என்ற பாதுகாப்பு நிறுவனம் 2021 டிசெம்பரில் வெளிப்படுத்தியது. காவல்காரனை அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைப்பது போலத்தான் இது.

2012இல் விண்டோஸ் 8 வந்த பின், விண்டோசுடன் விற்கப்பட்ட கணினிகள் பெரும்பாலானவற்றில் அதன் அனுமதி உள்ளேயே பதிந்திருக்கும். வாங்கும்போது கேளுங்கள். எழுத்து வேலைக்கு லிப்ரே ஒபிஸ் இலவசம், சட்டபூர்வமானது. ஏற்கெனவே இப்படிச் செய்தவர்கள் ஆவணங்களை வேறாகப் பிரதி எடுத்து, விண்டோசை மைக்ரோசொப்ட் தளத்திலிருந்து புதிதாக நிறுவுங்கள். கடவுச்சொற்களை வேறு கணினியில் இருந்து மாற்றுங்கள்.

மகள் இப்போது லிப்ரே ஒபிசில்தான் எழுதுகிறாள். தம்பியும் தன் கணினியைத் துடைத்துவிட்டார். மீண்டும் அடுத்த மாதம் சந்திப்போம்.